சுழலும் வட்டு, நிலைத்த மின்னோட்டம்

பொட்டாசியம் குளோரைடு கரைசலில் சிறிதளவு பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடைக் கரைத்தால் வெளிர் மஞ்சள் நிறம் வரும். அதில் ஒரு பிளாட்டினத் தகட்டை இறக்கி, ஃபெர்ரிசயனைடு அயனி எலக்ட்ரானை ஏற்கும் மின்னழுத்தத்தில் வைத்தால் மின்னோட்டம் பாயத் தொடங்கும். ஆனால் அது நிலைத்து நிற்காது. முதல் நொடியில் பதிவான அளவு நான்காம் நொடியில் பாதியாகும்; ஒன்பதாம் நொடியில் மூன்றில் ஒரு பங்காகும்; நூறாம் நொடியில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். தகட்டை ஒட்டியிருந்த அயனிகள் தீர்ந்துவிட்டன. அடுத்தவை தொலைவிலிருந்து விரவல் வழியாக மெல்ல வந்து சேர வேண்டும். நேரம் போகப் போக அந்தத் தொலைவும் கூடிக்கொண்டே போகிறது. மின்னோட்டம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்ற இந்த விதியை ஃபிரெடெரிக் காட்ரெல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வகுத்துத் தந்தார்.

ஆய்வக மேசையில் இந்த விதி நெடுநேரம் தாங்குவதில்லை. மின்முனையருகே கரைசலின் அடர்த்தி மாறுகிறது, மேசை அதிர்கிறது, கரைசல் தானாக அசையத் தொடங்குகிறது. அப்புறம் வரும் எண்களுக்குக் கணக்கு கிடையாது. சரி, நாமே கலக்கிவிட்டால் என்ன என்று காந்தக் கலக்கியைப் போட்டால் மின்னோட்டம் கூடுகிறது, ஓரளவு நிலைக்கவும் செய்கிறது. ஆனால் அது கலக்கியின் நீளத்தையும், பீக்கரின் அகலத்தையும், தகடு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையும் பொறுத்தது. அடுத்த ஊர் ஆய்வகத்தில் அதே எண் வராது. 1904-ல் வால்தர் நெர்ன்ஸ்ட், கலங்கும் கரைசலிலும் மின்முனையை ஒட்டி அசையாத மெல்லிய படலம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிடலாம் என்றார். பயனுள்ள கருத்துதான். ஆனால் அந்தப் படலத்தின் தடிமனை முன்கூட்டியே சொல்ல வழியில்லை. மின்னோட்டத்தை அளந்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கித்தான் தடிமனைக் கண்டுபிடிக்க முடிந்தது.

தேவைப்பட்டது ஒரு வடிவம். அதைச் சுற்றிக் கரைசல் எப்படி ஓடுகிறது என்பதை ஊகம் எதுவும் இல்லாமல் கணக்கிட்டுச் சொல்ல முடிய வேண்டும். திரவ இயக்கவியலில் அப்படிப்பட்ட வடிவங்கள் மிகக் குறைவு. தன் அச்சில் சுழலும் தட்டையான வட்டு அவற்றில் ஒன்று. அதன் ஓட்டத்துக்கான தீர்வை 1921-ல் தியோடர் வான் கார்மான் தந்தார். 1934-ல் காக்ரன் அதன் எண் கெழுக்களைத் திருத்திச் செம்மைப்படுத்தினார். இருவருக்கும் மின்வேதியியலில் நாட்டம் கிடையாது.

நனைந்த குடையை விரித்துச் சுழற்றினால் நீர் விளிம்பை நோக்கி ஓடிச் சிதறும். திரவத்துக்குள் அமிழ்ந்து சுழலும் வட்டும் தன் முகத்தை ஒட்டிய திரவத்தை அப்படித்தான் வெளிப்புறமாக எறிகிறது. எறிந்த இடம் காலியாக நிற்க முடியாது. அச்சின் திசையில், கீழிருந்து, புதிய திரவம் மேலேறி வந்து அதை நிரப்புகிறது. ஆக, வட்டே ஒரு பம்பாக வேலை செய்கிறது. இதில் வியப்பான செய்தி இனித்தான் வருகிறது. முகத்தை நோக்கி வரும் திரவத்தின் வேகம் முகத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்பதை மட்டுமே பொறுத்தது. மையத்துக்கு நேராக வருகிறதா, விளிம்புக்கு நேராக வருகிறதா என்பது அதற்குப் பொருட்டில்லை. வட்டின் எந்தப் புள்ளியிலும் அயனிகள் ஒரே வீதத்தில் வந்து விழுகின்றன. பாயும் திரவத்தில் நிற்கும் ஒரு சாதாரணத் தகட்டில் இது நடக்காது. அங்கே முன்விளிம்புக்கு நிறையக் கிடைக்கும், பின்விளிம்புக்குக் குறையும்.

இந்தப் பண்பு மின்வேதியியலுக்கு எவ்வளவு பெரிய கொடை என்பதை உணர்ந்தவர் வெனியமின் லெவிச். 1917-ல் கார்கிவில் பிறந்தவர், இயற்பியலாளர் லெவ் லாண்டாவின் மாணவர். மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஃப்ரும்கினின் மின்வேதியியல் குழுவில் சேர்ந்தார். இயற்பியல் படித்த ஒருவர் வேதியியலாளர்கள் நடுவே போய் உட்கார்ந்ததால் விளைந்த நன்மை இது என்றே நான் நினைக்கிறேன். கார்மானின் ஓட்டத்தையும் அயனிகளின் விரவலையும் ஒரே கணக்கில் சேர்த்து, வட்டில் பாயும் உச்ச மின்னோட்டத்துக்கான சமன்பாட்டை அவர் 1942-ல் வெளியிட்டார். 1948-ல் சிவெரும் கபானோவும் அதைச் சோதனையில் உறுதி செய்தார்கள். லெவிச்சின் பிற்கால வாழ்க்கை கடினமானது. 1972-ல் சோவியத் நாட்டை விட்டு வெளியேற விண்ணப்பித்தார், பதவிகளை இழந்தார், 1978-ல்தான் வெளியேற விட்டார்கள். நியூயார்க் சிட்டி கல்லூரியில் அவர் பெயர் தாங்கிய ஆய்வு நிறுவனம் இன்றும் இயங்குகிறது.

சமன்பாட்டைச் சொற்களில் சொல்லிவிடலாம். உச்ச மின்னோட்டம் வட்டின் பரப்புக்கும், கரைசலின் செறிவுக்கும், வினையில் கைமாறும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். சுழல் வேகத்தின் வர்க்கமூலத்துக்கும் நேர்விகிதம். விரவல் கெழுவின் மூன்றில் இரண்டு அடுக்குக்கும் நேர்விகிதம். கரைசலின் இயக்கப் பாகுநிலை கூடினால் மின்னோட்டம் குறையும், ஆனால் ஆறில் ஒரு அடுக்கில்தான். அதாவது மிக மெல்ல. இவற்றையெல்லாம் ஃபாரடே மாறிலியோடு பெருக்கி, முன்னால் 0.620 என்ற எண்ணைப் போட்டால் முடிந்தது. அளந்து பொருத்திய எண் அல்ல அந்த 0.620, ஓட்டத்தின் கணக்கிலிருந்தே வருவது.

நெர்ன்ஸ்டால் முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போன படலத் தடிமனும் இதிலிருந்து கிடைத்துவிடுகிறது. நீர்க்கரைசலில், நிமிடத்துக்கு 400 சுற்று வேகத்தில் அது சுமார் 25 மைக்ரோமீட்டர். வேகத்தை நான்கு மடங்காக்கி 1600 சுற்றுக்குக் கொண்டுபோனால் பாதியாகி 12 மைக்ரோமீட்டர் அளவில் நிற்கும். மனிதத் தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலத்தின் தடிமனை மோட்டார் குமிழைத் திருப்பி மாற்ற முடிகிறது என்றால், அது சாதாரண வசதி இல்லை.

கருவியைக் கட்ட நினைப்பவர் இந்தச் சமன்பாட்டை இன்னொரு முறை, செலவுக் கணக்குப் பார்க்கும் கண்ணோடு படிக்க வேண்டும். மோட்டாரின் வேகத்தில் 1 விழுக்காடு பிழை இருந்தால் வர்க்கமூலம் காரணமாக மின்னோட்டத்தில் அரை விழுக்காடுதான் தெரியும். வட்டின் ஆரத்தில் 1 விழுக்காடு பிழை இருந்தால் பரப்பு வழியாக மின்னோட்டத்தில் 2 விழுக்காடு தெரியும். கரைசலின் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் விரவலும் பாகுநிலையும் சேர்ந்து சுமார் 1.5 முதல் 2 விழுக்காடு வரை மின்னோட்டத்தைத் தூக்கிவிடும். அதாவது, மோட்டார் செய்யும் தவறைச் சமன்பாடு பாதியாகக் குறைத்துக்கொள்கிறது; லேத்தில் நடக்கும் தவறை இரண்டு மடங்காக்கிக் காட்டுகிறது. கட்டத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நேர்மாறாகச் செய்கிறார்கள். மோட்டாருக்கும் அதன் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் கையிலிருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு, மின்முனையை அவசர அவசரமாகக் கடைந்து மாட்டுகிறார்கள். கடையில் விற்கும் முழுத் தொகுதி பல லட்சம் ரூபாய் விலை பெறுகிறது. அதன் வேலையில் பெரும்பகுதியைச் செய்யும் ஒன்றை நல்ல லேத் பட்டறை ஒன்றின் துணையோடு கட்டிவிட முடியும், கவனத்தை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தால்.

அந்த இடம் வட்டு. வழக்கமான விட்டம் 5 மி.மீ.; பரப்பு 0.196 சதுர செ.மீ. பிளாட்டினம், தங்கம், கண்ணாடிக் கரி ஆகிய மூன்றும்தான் அதிகம் பயன்படுபவை. பிளாட்டினத்தின் அடர்த்தி கனசெ.மீ.க்கு 21.45 கிராம் என்பதால், 5 மி.மீ. விட்டத்தில் 4 மி.மீ. தடிமனுள்ள ஒரு சிறு துண்டே 1.7 கிராம் வரும். 1 மி.மீ. தகடு வாங்கி அதன் முதுகில் பித்தளைத் தண்டைப் பற்றவைப்பது சிக்கனம். கண்ணாடிக் கரி விலை குறைவு, வேதிப்பொருள்களுக்கு எளிதில் அசையாது, ஆனால் பெயருக்கேற்ப நொறுங்கும். லேத் உளியை அதன்மேல் வைக்கக் கூடாது; வைரத் தூள் பதித்த சக்கரத்தால் அரைத்துத்தான் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சரியான விட்டமுள்ள தண்டாகவே வாங்கி, வைரத் தகட்டால் துண்டு போடுவதே நல்லது.

வட்டைச் சுற்றி மின்கடத்தாப் பொருளில் ஓர் உறை வேண்டும். லெவிச்சின் கணக்கு எல்லையற்ற பரப்புள்ள வட்டுக்கு எழுதப்பட்டது. 5 மி.மீ. உலோகத்தைச் சுற்றி 12 முதல் 15 மி.மீ. விட்டம் வரை கடத்தாத தளம் நீண்டால், நடுவிலிருக்கும் உலோகம் தான் பெரிய வட்டின் ஒரு பகுதி என்றே நடந்துகொள்ளும். உலோகமும் உறையும் ஒரே தளத்தில் இருந்தாக வேண்டும். உலோகம் கால் மில்லிமீட்டர் உள்ளடங்கியிருந்தால் அதற்கு மேலே தேங்கிய கரைசல் ஒரு குழியாகிவிடும். வெளியே துருத்தினால் பக்கச் சுவரும் வினையில் பங்கெடுக்கும். இரண்டு வகையிலும் பரப்பு பொய்யாகிறது.

உறைக்கு எல்லோரும் முதலில் எடுப்பது டெஃப்லான். அமிலம் தாங்கும், கடைவது எளிது, ஊர்க் கடைகளிலேயே தண்டாகக் கிடைக்கும். அதன் குறை நாள்பட்டுத்தான் தெரியவரும். அழுத்தத்துக்கு உட்பட்ட டெஃப்லான் அறை வெப்பநிலையிலேயே மெல்ல மெல்ல நகர்ந்து விலகும். இறுக்கமாக அழுத்திச் செருகிய வட்டு நாளடைவில் பிடி தளரும். கூடவே வெப்ப விரிவு வேறு. 100 டிகிரி சூடானால் 5 மி.மீ. விட்டமுள்ள டெஃப்லான் துளை சுமார் 0.06 மி.மீ. விரியும், அதே அளவு கண்ணாடிக் கரி ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்குத்தான் விரியும். ஒருமுறை சுடுநீரில் கழுவினாலே இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு திறந்துகொள்ளும்.

இடுக்குதான் இந்தக் கருவியின் முதல் எதிரி. மயிரிழை அளவு இடைவெளி கிடைத்தால் மின்பகுளி நுண்புழை ஏற்றத்தால் உள்ளே ஏறி, வட்டின் பக்கச் சுவரை நனைத்து, முதுகிலிருக்கும் பித்தளையைத் தொடும். பித்தளையிலிருந்து தாமிரம் கரைந்து வெளியே வரும். வரைபடத்தில் எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு மேடு முளைக்கும். அதைப் புதிய வினை என்று எண்ணி வாரக்கணக்கில் துரத்திக்கொண்டு போக நேரிடும்.

என் தேர்வு பீக் என்ற நெகிழி. விலை அதிகம், ஆனால் விறைப்பானது, நகர்ந்து போகாது, விரிவும் டெஃப்லானின் பாதிக்கும் குறைவு. அடர் கந்தக அமிலத்தில் மட்டும் அது கரையும். அத்தகைய வேலைக்கு டெஃப்லானுக்குத்தான் திரும்ப வேண்டும். பீக் தண்டில் துளை போடும்போது வட்டின் விட்டத்தைவிட 0.02 மி.மீ. குறைவாக விட வேண்டும். துளைப்பான் அலகால் அந்த அளவைப் பிடிக்க முடியாது. சற்றுச் சிறியதாகத் துளைத்து, ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்க வேண்டும். பிறகு உறையை அடுப்பில் வைத்து அறை வெப்பநிலையைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் 5 மி.மீ. துளை சுமார் 0.025 மி.மீ. விரிந்துகொடுக்கும். அந்தச் சில நொடிகளுக்குள், சூடேற்றாத கரித்தண்டைத் தட்டாமல், சாய்க்காமல், நேராக அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். ஆறியதும் பீக் சுருங்கிச் சுற்றிலும் ஒரே சீராகக் கவ்விக்கொள்ளும். சுத்தியலை எடுத்தால் கரி உடையும். தண்டின் முதுகில் வெள்ளித் தூள் கலந்த எபாக்சி வைத்துப் பித்தளைத் தண்டோடு ஒட்டி, முழுதாக இறுகியபின் மல்ட்டிமீட்டரால் முகத்துக்கும் பித்தளைத் தண்டின் மேல்முனைக்கும் இடையிலான மின்தடையைப் பார்க்க வேண்டும். சில ஓம்களுக்குள் இருந்தால் தேறியது. மேலே போனால் பிரித்து மீண்டும் ஒட்டுவதே வழி.

கடைசியாக முகத்தை வைரத் தூள் பதித்த சக்கரத்தால் சமப்படுத்தி, நுண் உப்புத்தாளில் தொடங்கி, பிறகு 1, 0.3, 0.05 மைக்ரோமீட்டர் அலுமினா குழம்புகளில் வரிசையாகத் தேய்க்க வேண்டும். ஈரத் துணித் திண்டின்மேல் எட்டு வடிவில், மின்முனையைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு. கை சற்றே சாய்ந்தாலும் முகத்தின் ஓரம் உருண்டு குவிந்துவிடும். ஒரு தரத்திலிருந்து அடுத்த தரத்துக்குப் போகும்முன் காய்ச்சி வடித்த நீரில் நன்கு அலச வேண்டும். முந்தைய தரத்தின் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் கடைசித் திண்டு முழுவதும் கீறல் போடும். தேய்த்து முடித்த கண்ணாடிக் கரியில் விளக்கின் உருவம் கலங்காமல் தெரிய வேண்டும்.

மின்முனையைத் தாங்கிச் சுழலும் ஷாஃப்ட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகு போதும். இரண்டு பேரிங்குகள், நடுவில் நல்ல இடைவெளி விட்டு. இடைவெளி கூடக்கூடக் கீழ்முனையின் ஆட்டம் குறையும். டயல் கேஜின் முனையை உறையின் பக்கத்தில் வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தால் ஆட்டம் எவ்வளவு என்று முள் சொல்லிவிடும். 0.05 மி.மீ.க்குள் நிறுத்த முயல வேண்டும். அதைவிட ஆடும் வட்டு தன் அச்சில் சுழல்வதோடு கரைசலைக் கலக்கவும் செய்கிறது. காந்தக் கலக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தது இதற்காகவா?

சுழலும் ஒன்றிலிருந்து மின்னோட்டத்தை வெளியே எடுப்பது அடுத்த சிக்கல். மில்லி ஆம்பியரில் நூறில் ஒரு பங்கை அளக்கும் இடத்தில், தொடுப்பில் வரும் சிறு துள்ளலும் அலையாகத் தெரியும். வெள்ளி கலந்த கரி பிரஷ்களை ஸ்பிரிங் வைத்து ஷாஃப்ட்டின் இரு பக்கமும் எதிரெதிராக அழுத்துவது நம்பகமான முறை. ஒன்று துள்ளும் கணத்தில் மற்றது பிடித்துக்கொள்ளும். பிரஷ் உரசும் பகுதியில் ஷாஃப்ட் வழவழப்பாக இருக்க வேண்டும்; உதிரும் கரித்தூளை அவ்வப்போது துடைக்க வேண்டும், அது செல்லுக்குள் விழாமல் ஒரு தடுப்பும் வேண்டும். பழைய கருவிகளில் ஷாஃப்ட்டின் தலையில் பாதரசக் குழி வைத்து அதில் கம்பியை நனைப்பார்கள். இரைச்சலே இல்லாத தொடுப்பு அது. ஆனால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் சுழலும் திறந்த பாதரசத்தை மூச்சு விடும் மனிதர்கள் அருகில் வைக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

மோட்டாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வேகத்தை அளந்து திருப்பிச் சொல்லும் என்கோடர் பொருத்திய நேர்மின் மோட்டார், அந்த அளவைப் பார்த்துத் திருத்தும் ஒரு சிறு நுண்கட்டுப்பாட்டுப் பலகை. ஸ்டெப்பர் மோட்டாரில் வேகம் துல்லியம்தான். ஆனால் ஒரு சுற்றை 200 தாவல்களாகத் தாவுவதால் குறைந்த வேகத்தில் அந்தத் தாவல்கள் கரைசலுக்கும் தெரியும். மோட்டாரை ஷாஃப்ட்டோடு நேராக இணைக்காமல் பல்பட்டை வழியாக ஓட்டினால் இரண்டு நன்மை: அதிர்வு குறையும், மோட்டாரின் மின்னிரைச்சல் மின்முனைக்கு ஏறாது. மோட்டாரின் உலோகக் கூட்டை நிலத்தோடு இணைக்க மறக்கக் கூடாது. 100 முதல் 3000 சுற்று வரை ஓடினால் பெரும்பாலான வேலைக்குப் போதும். 100-க்குக் கீழே கரைசலின் தன்னிச்சையான அசைவு குறுக்கிடத் தொடங்கும். மேல் எல்லையைப் பற்றிச் சமன்பாட்டுக்குக் கவலையில்லை. 5 மி.மீ. வட்டு 10,000 சுற்றில் ஓடினாலும் ரெய்னால்ட்ஸ் எண் சுமார் 6,500 தான். ஓட்டம் கொந்தளிக்க அது ஏறத்தாழ 2 லட்சத்தைத் தொட வேண்டும். ஆட்டமும், காற்றை உள்ளே இழுக்கும் சுழலும்தான் அதற்கு வெகு முன்பே வேலையைக் கெடுக்கும்.

செல் 100 மில்லிக்குக் குறையாத கண்ணாடிக் கலமாக இருக்கட்டும். வட்டு ஒரு சென்டிமீட்டராவது மூழ்கி, அடியிலிருந்தும் சுவரிலிருந்தும் தாராளமாக விலகி நிற்க வேண்டும். மின்முனையை இறக்கும்போது முகத்தின் அடியில் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்வது வாடிக்கை. கலத்தின் கீழே ஒரு சிறு கண்ணாடியைச் சாய்த்து வைத்து முகத்தைப் பார்த்துவிட்டுத்தான், மின்னழுத்தத்தை நிலைநிறுத்தி மின்னோட்டத்தை அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட்டை இயக்க வேண்டும். கலத்தை வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டியில் வைப்பதும் கட்டாயம். ஒரு டிகிரிக்கு எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று மேலே பார்த்தோம்.

வட்டுக்கு ஓர் உறவினர் உண்டு, சுழலும் உருளை மின்முனை. 1954-ல் ஐசன்பெர்க், டோபியாஸ், வில்க் மூவரும் அதற்கான தொடர்பை அளந்து தந்தார்கள். உருளையைச் சுற்றி ஓட்டம் வெகு விரைவிலேயே கொந்தளிப்பாகிவிடும். அதனால் அதன் சமன்பாடு சோதனையிலிருந்து பொருத்தியதே தவிர, கணக்கிலிருந்து பிறந்ததல்ல. குழாய்களில் ஓடும் திரவம் எஃகை எப்படி அரிக்கிறது என்று பார்ப்பவர்களுக்கு அந்தக் கொந்தளிப்பே வேண்டியது; அவர்கள் கையில் அது சிறந்த கருவி.

வட்டின் உண்மையான வளர்ச்சி மாஸ்கோவிலேயே 1959-ல் வந்தது. ஃப்ரும்கினும் நெக்ராசோவும் வட்டைச் சுற்றி, மெல்லிய இடைவெளி விட்டு, தனியாக இன்னொரு வளைய மின்முனையைப் பதித்தார்கள். அதற்கான கணக்கை இவானோவும் லெவிச்சும் போட்டார்கள். வட்டில் உருவாகும் பொருள் வெளிப்புறம் எறியப்படுகிறது அல்லவா? போகும் வழியில் வளையம் அதைப் பிடித்து, என்னவென்று பார்க்கிறது. வட்டிலிருந்து புறப்பட்டதில் எத்தனை விழுக்காடு வளையத்தில் அகப்படும் என்பது மூன்று ஆரங்களை மட்டுமே பொறுத்தது, வேகத்தைப் பொறுத்ததல்ல. 5.61 மி.மீ. விட்டமுள்ள வட்டு, 6.25 மி.மீ. உள்விட்டமும் 7.92 மி.மீ. வெளிவிட்டமும் உள்ள வளையம் என்றால் 37 விழுக்காடு. இங்கும் லேத் வைத்ததுதான் சட்டம்.

எரிபொருள் மின்கல ஆய்வு இன்று இந்தக் கருவியை நம்பி நிற்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களை வாங்கி நீராகலாம். இரண்டை மட்டும் வாங்கி ஹைட்ரஜன் பெராக்சைடாக நின்றுவிடவும் கூடும். முதல் வழியில் ஆற்றல் முழுமையாகக் கிடைக்கும். இரண்டாவது வழியில் ஆற்றலும் வீண். பெராக்சைடு மின்கலத்தின் சவ்வையும் சிதைக்கும். புதிய வினையூக்கி எந்த வழியில் போகிறது என்று வட்டின் மின்னோட்டம் மட்டும் தெளிவாகச் சொல்லாது. வளையம் பெராக்சைடைப் பிடித்துக் காட்டிவிடும். ஆக்சிஜன் நிறைந்த 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில், 1600 சுற்றில், நல்ல பிளாட்டின வினையூக்கி சதுர செ.மீ.க்கு சுமார் 6 மில்லி ஆம்பியர் வரை தரும். நான்கு எலக்ட்ரான் என்று வைத்து லெவிச் சமன்பாட்டைக் கணக்கிட்டாலும் அதே எண்தான் வருகிறது. புதிய வினையூக்கியைக் கொண்டுவருபவர் முதலில் இந்த எண்ணைத் தன் கருவியில் பிளாட்டினத்தைக் கொண்டு எடுத்துக் காட்ட வேண்டும்.

வினை மெதுவாக நடந்தால் மின்னோட்டம் லெவிச் சொல்லும் உச்சத்தைத் தொடாது. அப்போது மின்னோட்டத்தின் தலைகீழியை வேகத்தின் வர்க்கமூலத் தலைகீழிக்கு எதிராக வரைய வேண்டும். கோட்டை நீட்டி வேகம் முடிவிலி ஆகும் இடத்துக்குக் கொண்டுபோனால், அயனிகளின் வரவு தடையாக இல்லாதபோது வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது கிடைக்கும். இதற்கு கௌடெட்ஸ்கி, லெவிச் இருவர் பெயரும் வழங்குகிறது. எந்த மோட்டாராலும் எட்ட முடியாத ஒரு வேகத்தில் நடக்கும் அளவீட்டை நான்கு புள்ளிகளிலிருந்து எடுத்துவிடுகிறோம். மின்வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த வரைபடம் இது.

கருவியைக் கட்டி முடித்தவர் முதலில் செய்ய வேண்டிய சோதனையும் எளியதுதான். 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 1 மில்லிமோலார் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, அன்றே கரைத்தது. நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றிய பிறகு 400, 900, 1600, 2500 சுற்றுகளில் உச்ச மின்னோட்டத்தை அளக்க வேண்டும். இந்த நான்கின் வர்க்கமூலங்கள் 20, 30, 40, 50 என்பதால் மின்னோட்டங்கள் 2:3:4:5 என்ற விகிதத்தில் வர வேண்டும். 5 மி.மீ. வட்டில் 1600 சுற்றுக்கு சுமார் 0.13 மில்லி ஆம்பியர் எதிர்பார்க்கலாம். இந்தக் கரைசலை அமிலத்தோடு சேரவிடக் கூடாது. நச்சு வாயுவான ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். கழிவையும் தனிக்குப்பியில் சேர்க்க வேண்டும்.

மின்னோட்டத்தை வேகத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரையும்போது நான்கு புள்ளிகளும் ஒரு கோட்டில் நின்று, கோடு தொடக்கப்புள்ளி வழியாகப் போனால் வட்டு, உறை, ஷாஃப்ட், பிரஷ் எல்லாம் ஒருசேரத் தேறிவிட்டன. வேகம் கூடும்போது கோடு மேல்நோக்கி வளைந்தால் ஆட்டத்தைப் பாருங்கள். கீழ்நோக்கி வளைந்தால் முகம் அழுக்கு. மறுபடி அலுமினாவில் தேயுங்கள். கோடு நேராக இருந்தும் தொடக்கப்புள்ளிக்கு மேலே தள்ளி வெட்டினால் ஆக்சிஜன் மிச்சமிருக்கலாம், அல்லது இடுக்கில் கசிவு இருக்கலாம். நைட்ரஜனை இன்னும் கால் மணி நேரம் ஓடவிட்டும் கோடு இறங்காவிட்டால் சந்தேகம் இடுக்கின் மேல்தான்; உறையைப் பிரித்துப் புதிதாகச் செருகுங்கள். கோடு நேராகி, தொடக்கப்புள்ளி வழியாகச் செல்லும்வரை அந்த மின்முனையில் எடுத்த எந்த எண்ணையும் ஆய்வேட்டில் ஏற்றாதீர்கள்.